ஏவலும் பின்னூட்டமும்: சிறு பட்டறைப் பொறிகளில் சர்வோ மோட்டாரை ஆளும் முறை



மொழியியல் பயின்ற ஒருவர் மோட்டாரைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நம் பணிக்காலம் முழுவதும் வினைமுற்றுகளோடும் வேற்றுமை உருபுகளோடும் கழிந்தது. பட்டறைக்கும் நமக்கும் தொடர்பு ஏற்பட்டது ஒரு கேள்வியால்தான்.

ஜோகூரில் நாம் வசிக்கும் குடியிருப்பில், கப்பல் பட்டறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய துருவல் பொறி ஒன்றை வாங்கித் தம் வீட்டுக் கார் கொட்டகையில் நிறுவி, அதற்குப் புதிய கணினிக் கட்டுப்பாடு அமைத்துக்கொண்டிருந்தார். படிவம் 4 பயிலும் பேரன் உடனிருந்து உதவினான். ஒருநாள் நண்பர், "எதிர்மறைப் பின்னூட்டம் இருந்தால்தான் பொறி ஒழுங்காக ஓடும்" என்று விளக்கியிருக்கிறார். பேரன் கேட்டானாம்: "எதிர்மறை என்றால் குறை சொல்வதுதானே, தாத்தா? குறை சொன்னால் பொறி எப்படி நன்றாக ஓடும்?" நண்பர் நேரே நம்மிடம் வந்து, "ஐயா, பொறி எனக்குப் புரிகிறது; சொல்தான் தடுக்கிறது. நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லை விளக்க வேண்டுமானால் பொருளை முதலில் அறிய வேண்டும். ஆகவே அந்தக் கொட்டகையில் சில வாரங்கள் மாணவராக அமர்ந்தோம். அங்குக் கற்றதையும், அதிலிருந்து தமிழாசிரியர்க்குக் கிடைக்கும் பாடத்தையும் இவ்வுரையில் தொகுத்துத் தருகிறோம்.

1. சர்வோ என்னும் சொல்

இலத்தீன் மொழியில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, ஏவலன் என்று பொருள். பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ, 1873ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் 'சர்வோ மோட்டார்' என்னும் சொல்லை வழங்கினார். கப்பலின் சுக்கானை நீராவி விசையால் திருப்பும் கருவிக்கு அவர் இட்ட பெயர் அது. மாலுமி சிறு நெம்புகோலை நகர்த்துவார். பெரிய சுக்கான் அந்நெம்புகோலைப் பின்பற்றி நகரும். நெம்புகோல் காட்டும் நிலையை அடைந்ததும் நிற்கும்.

இவ்விளக்கத்தின் இறுதிப் பகுதியே முதன்மையானது. ஏவியதும் ஓடுவது மட்டும் சர்வோவின் இயல்பன்று. ஏவப்பட்டது நிறைவேறியதா என்று அளந்து பார்த்து, நிறைவேறாத பகுதியை மட்டும் மேற்கொண்டு செய்வதே அதன் இயல்பு. படிநிலை மோட்டார் என்று ஒன்று உண்டு. அதற்கு நூறு படி நகர் என்று கட்டளையிட்டால் நூறு படி நகர முயலும். இடையில் ஏதேனும் தடுத்து மூன்று படி தவறினாலும், ஏவியவருக்கு அது தெரியாது. சர்வோ அமைப்பிலோ செயலின் விளைவு ஏவியவரிடமே திரும்பி வருகிறது. அவ்வாறு திரும்பி வரும் செய்தியே பின்னூட்டம்.

கருத்து இன்னும் பழைமையானது. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியில் பொருத்திய சுழல்குண்டு ஆளுநர், பொறியின் வேகம் கூடினால் நீராவியைக் குறைத்தது, குறைந்தால் கூட்டியது. 1868ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அத்தகைய ஆளுநர்களின் நிலைத்தன்மையைக் கணித வழியில் ஆராய்ந்தார்.

2. பழைய பொறியும் புதிய கணினியும்

எண்வழிக் கட்டுப்பாட்டில் இயங்கும் துருவல் பொறியை 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் செய்து காட்டியது. அதனை உருவாக்கிய ஆய்வகத்தின் பெயரே சர்வோ பொறியமைப்பு ஆய்வகம் என்பதாகும். பின்னர் இத்தகைய பொறிகள் தொழிற்சாலைகளில் பரவின. 1980களில் செய்யப்பட்ட பல பொறிகளின் வார்ப்பிரும்பு உடலும், மோட்டாரும், மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் இயக்கியும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. பழுதாகிப்போனது பெரும்பாலும் அவற்றின் கட்டுப்பாட்டுக் கணினிதான். எனவே அத்தகைய பொறியைக் குறைந்த விலைக்கு வாங்கி, கணினியை மட்டும் மாற்றுவது பொழுதுபோக்குப் பொறியாளர்களின் வழக்கம்.

அவர்களுள் பலர் பயன்படுத்துவது லினக்ஸ்சிஎன்சி என்னும் கட்டற்ற மென்பொருள். அமெரிக்கத் தேசிய அளவீட்டுக் கழகத்தில் 1990களில் தொடங்கிய திட்டம் ஒன்றிலிருந்து அது வளர்ந்தது. கணினிக்கும் இயக்கிக்கும் இடையே ஓர் இணைப்பு அட்டை வேண்டும். மேசா நிறுவனத்தின் 7ஐ77 என்னும் அட்டை ஆறு அச்சுகளுக்கு மின்னழுத்தக் கட்டளை அனுப்பவும், ஆறு என்கோடர்களைப் படிக்கவும் வல்லது.

3. ஒப்புமை என்பது யாது?

பழைய இயக்கிகள் எண்களை அறியா. அவை அறிந்தது மின்னழுத்தம் ஒன்றையே. கூட்டல் 10 வோல்ட்டுக்கும் கழித்தல் 10 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட ஒரு மின்னழுத்தமே அவற்றுக்கு வரும் கட்டளை. சுழியம் வோல்ட் என்றால் நில். கூட்டல் 10 என்றால் ஒரு திசையில் முழு வேகம். கழித்தல் 10 என்றால் மறுதிசையில் முழு வேகம்.

முழு வேகம் நிமிடத்திற்கு 2000 சுற்று எனக் கொள்வோம். அப்படியானால் 1 வோல்ட் என்பது 200 சுற்று. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 5 மில்லிமீட்டர் நகரும் திருகாணி பொருத்தப்பட்டிருந்தால், 1 வோல்ட் கட்டளைக்கு மேசை நிமிடத்திற்கு 1000 மில்லிமீட்டர் நகரும். 3 வோல்ட் கொடுத்தால் 3000 மில்லிமீட்டர். மின்னழுத்தம் வேகத்துக்கு ஒப்பாக நிற்கிறது. வேகம் கூடக்குறைய அதுவும் கூடிக்குறைகிறது. இதனால்தான் 'ஒப்புமை' என்னும் தமிழ்ச்சொல் இதற்கு மிகப் பொருந்துகிறது. உவமையில் முகத்துக்கு நிலவு ஒப்பாக நிற்பதுபோல, இங்கு வேகத்துக்கு வோல்ட் ஒப்பாக நிற்கிறது.

உவமை முழுதும் பொருந்தாது என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. ஒப்புமைக் கட்டளைக்கும் அக்குறை உண்டு. கணினி சுழியம் என்று கருதி அனுப்பும் மின்னழுத்தம், வெப்பத்தாலும் உறுப்புகளின் முதுமையாலும் 0.02 வோல்ட் பிசகக்கூடும். நம் கணக்கின்படி அது 4 சுற்று. அதாவது மேசை நிமிடத்திற்கு 20 மில்லிமீட்டர் ஊர்ந்து செல்லும். எவரும் ஏவாமலே பொறி நகர்கிறது. எனவே கட்டளை மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும்.

4. ஒன்றனுள் ஒன்றாக மூன்று வளையங்கள்

கண்காணிப்பு மூன்று அடுக்குகளில் நடைபெறுகிறது.

உள் வளையம் மின்னோட்டத்துக்கு உரியது. மோட்டாரின் முறுக்குவிசை அதில் பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. இயக்கி அம்மின்னோட்டத்தைத் தானே அளந்து சரிசெய்கிறது. மூன்றனுள் மிக விரைந்து செயல்படுவது இதுவே.

நடு வளையம் வேகத்துக்கு உரியது. மோட்டாரின் தண்டில் டேக்கோ என்று பட்டறையார் வழங்கும் சிறு மின்னாக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். வேகத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரும். நிமிடத்திற்கு 1000 சுற்றுக்கு 7 வோல்ட் தரும் டேக்கோ, 2000 சுற்றில் 14 வோல்ட் தரும். கேட்ட வேகத்தையும் டேக்கோ காட்டும் வேகத்தையும் இயக்கி ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

வெளி வளையம் இடத்துக்கு உரியது. இதனை ஆள்வது கணினி. என்கோடர் என்னும் கருவி தண்டு எவ்வளவு திரும்பியது என்பதை எண்ணிக்கையாகத் தருகிறது. ஒரு சுற்றுக்கு 1000 கோடுகள் கொண்ட என்கோடரிலிருந்து, இரு தடங்களின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணுவதால் 4000 எண்ணிக்கை கிடைக்கும். 5 மில்லிமீட்டர் திருகாணியில் ஓர் எண்ணிக்கை 0.00125 மில்லிமீட்டருக்குச் சமம். கணினி இதனை நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் முறை படித்து, ஒவ்வொரு முறையும் புதிய மின்னழுத்தக் கட்டளையைக் கணக்கிடுகிறது.

உள் வளையம் செம்மையாக இல்லாமல் வெளி வளையத்தைச் செம்மைப்படுத்த இயலாது. ஆகவே சரிசெய்யும் பணி எப்போதும் உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும்.

5. சுக்கான் பிடிப்பவரின் மூன்று அறிவு

கணினி அந்த மின்னழுத்தத்தை எவ்வாறு முடிவு செய்கிறது? 1922ஆம் ஆண்டில் நிக்கலஸ் மினோர்ஸ்கி என்னும் பொறியாளர், கப்பலைத் தானாகச் செலுத்துவது குறித்து எழுதிய கட்டுரையில் இதற்கான விடை உள்ளது. தேர்ந்த மாலுமி சுக்கானைப் பிடிக்கும் முறையை அவர் கணிதமாக்கினார்.

கப்பல் எவ்வளவு விலகியதோ அதற்கேற்ற அளவு சுக்கானைத் திருப்புவது முதல் அறிவு. இதனை விகித உறுப்பு என்போம். காற்று ஒரே பக்கமாக ஓயாமல் தள்ளினால், சிறு விலகல் நெடுநேரம் நீடிப்பதைக் கவனித்துச் சுக்கானைச் சற்றே எதிர்ப்பக்கம் நிலையாக வைத்திருப்பது இரண்டாம் அறிவு. பிழைகளைக் கூட்டிவைத்துக் கணக்கெடுப்பதால் இது தொகை உறுப்பு. கப்பல் நேர்வழிக்கு விரைந்து திரும்பி வரும்போது, வழியைத் தாண்டிவிடாதபடி முன்கூட்டியே தளர்த்துவது மூன்றாம் அறிவு. பிழை மாறும் விரைவைப் பார்ப்பதால் இது வகை உறுப்பு. பட்டறையில் இவை முறையே பி, ஐ, டி என்று வழங்கும்.

நம் பொறியில் 1 மில்லிமீட்டர் பிழைக்கு 1 வோல்ட் என்று விகித உறுப்பை வைப்போம். முன் கூறிய 0.02 வோல்ட் பிசகை ஈடுசெய்ய, மேசை 0.02 மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டியிருக்கும். ஊர்தல் நின்றது, ஆயினும் சிறு பிழை எஞ்சியது. தொகை உறுப்பைச் சேர்த்தால் அப்பிழையும் மெல்ல மறையும்.

மேசை நிமிடத்திற்கு 1000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமானால் 1 வோல்ட் வேண்டும். விகித உறுப்பு மட்டுமே இருந்தால், அந்த 1 வோல்ட்டை உண்டாக்க 1 மில்லிமீட்டர் பிழை தேவை. எனவே மேசை எப்போதும் 1 மில்லிமீட்டர் பின்தங்கியே ஓடும். இரு அச்சுகளின் பின்தங்கல் வேறுபட்டால், வெட்டிய வட்டம் நீள்வட்டமாகும். இதற்கு மருந்து முன்னூட்டம். 'இவ்வேகத்துக்கு 1 வோல்ட் வேண்டும்' என்பது முன்பே தெரியுமாதலால், பிழை தோன்றும்வரை காத்திராமல் கணினி அதனை முதலிலேயே கொடுத்துவிடுகிறது. எஞ்சிய சிறு பிழையைத் திருத்துவதே பின்னூட்டத்தின் வேலையாகிறது.

6. குறி மாறினால் நிகழ்வது

இனி பேரனின் கேள்விக்கு வருவோம். மேசை 0.01 மில்லிமீட்டர் வலப்புறம் விலகியது என்க. கணினி அதனை இடப்புறம் இழுக்கும் கட்டளை தர வேண்டும். அதாவது பிழைக்கு எதிர்த்திசையில் செயல்பட வேண்டும். அப்போதுதான் பிழை குறையும். என்கோடரின் எண்ணிக்கைத் திசையோ டேக்கோவின் இரு கம்பிகளோ மாறிப் பொருத்தப்பட்டிருந்தால், வலப்புறம் விலகிய மேசை மேலும் வலப்புறமே தள்ளப்படும். பிழை 0.02 ஆகும், தள்ளுதல் இரட்டிக்கும், பிழை மேலும் வளரும். ஒரு நொடிக்குள் மேசை முழு வேகத்தில் ஓடித் தண்டவாளத்தின் முனையில் மோதும்.

இது நம் கண்முன்னே நிகழ்ந்தது. நண்பர் ஒருமுறை டேக்கோவின் கம்பிகளை மாற்றிப் பொருத்திவிட்டார். இயக்கிக்கு மின்சாரம் கொடுத்த அக்கணமே மோட்டார் அலறியது. மோட்டாரைத் திருகாணியிலிருந்து கழற்றி வைத்திருந்ததாலும், பேரனின் கை அவசர நிறுத்தப் பொத்தானின் மேல் இருந்ததாலும் தீங்கு நேரவில்லை. அன்றுதான் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று என்பதை நாம் உணர்ந்தோம்.

அதனால் நண்பர் பின்பற்றும் ஒழுங்கை இங்குப் பதிவு செய்கிறோம். முதலில் மோட்டாரைத் திருகாணியிலிருந்து பிரித்துவிட வேண்டும். அவசர நிறுத்தம், கணினியை நம்பாமல், நேரே இயக்கியின் மின்சாரத்தை வெட்டுமாறு அமைந்திருக்க வேண்டும். பின், கணினிக்குப் பதிலாக 1.5 வோல்ட் உலர்மின்கலம் ஒன்றை இயக்கியின் கட்டளை முனையில் இணைக்க வேண்டும். நம் கணக்கின்படி மோட்டார் 300 சுற்றில் அமைதியாகச் சுழல வேண்டும். கட்டுக்கடங்காமல் ஓடினால் டேக்கோவின் குறி தவறு. அது சரியானபின், கூட்டல் கட்டளைக்கு என்கோடரின் எண்ணிக்கையும் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே சிறிய விகித உறுப்புடன் வெளி வளையத்தை இணைக்கலாம். பிழை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பொறி தானே நிற்குமாறு மென்பொருளில் வரம்பும் இட வேண்டும்.

இதில் மொழியியலார்க்கு இனிய செய்தி ஒன்றுண்டு. நேர்மின் மோட்டாரில், மோட்டாரின் கம்பிகளை மட்டும் மாற்றினால் குறி கெடும். டேக்கோவின் கம்பிகளை மட்டும் மாற்றினாலும் கெடும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குறி கெடாது. சுழலும் திசை மட்டுமே மாறும். "அவன் வராமல் இரான்" என்னும் தொடரில் இரு எதிர்மறைகள் சேர்ந்து "கட்டாயம் வருவான்" என்னும் உடன்பாட்டுப் பொருள் தருவதை மாணவர் அறிவர். வளையத்தின் கணக்கும் அதுவே. எதிர்மறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றுவோர் பொறியை ஓடவிடுவர்.

7. சொல்லைத் திருத்துவோம்

பேரன் ஏன் குழம்பினான்? இலக்கணத்தில் 'எதிர்மறை' நன்மை தீமை குறித்த சொல்லன்று. செயல் நிகழாமையைக் குறிக்கும் நடுநிலைச் சொல். அண்மைக்கால வழக்கில் 'எதிர்மறைச் சிந்தனை', 'எதிர்மறை விமரிசனம்' என்று வழங்கி, அது தீயதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பள்ளியிலும் 'நேர்மறைப் பின்னூட்டம்' என்றால் பாராட்டு. 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்றால் குறைகூறல். இப்பழக்கத்தோடு பட்டறைக்குள் நுழையும் மாணவர் நேர்மறையே நல்லது என்று எண்ணுவது இயல்பு. பொறியிலோ நேர்மறைதான் ஓடி மோதச் செய்கிறது. 1927ஆம் ஆண்டில் ஹரோல்டு பிளாக் தொலைபேசிப் பெருக்கிகளின் திரிபைக் குறைக்கக் கண்டறிந்த வழி, எதிர்மறைப் பின்னூட்டமே.

நாம் முன்வைக்கும் பரிந்துரை எளியது. முதன்முதலாகக் கற்பிக்கும்போது 'பிழை தணிக்கும் பின்னூட்டம்', 'பிழை பெருக்கும் பின்னூட்டம்' என்று விளைவைச் சொல்லும் தொடர்களை ஆளலாம். கருத்து பதிந்தபின் 'எதிர்ப் பின்னூட்டம்', 'நேர்ப் பின்னூட்டம்' என்னும் கலைச்சொற்களைத் தரலாம். 'எதிர்' என்பதற்கு 'முன்னே சென்று சந்தித்தல்' என்னும் நற்பொருளும் உண்டு. விருந்தினரை எதிர்கொள்கிறோம் அல்லவா? பிழையை எதிர்கொள்ளும் பின்னூட்டம் என்று கூறினால் எந்த மாணவரும் குழம்பார்.

என்கோடர், டேக்கோ, சர்வோ போன்ற கையில் பிடிக்கும் பொருள்களின் பெயர்களைப் பட்டறை வழக்கிலேயே விட்டுவிடுவதில் நமக்குத் தயக்கமில்லை. கடையில் கேட்டு வாங்க அவையே உதவும். ஆனால் ஒப்புமை, வளையம், பிழை, பின்னூட்டம், முன்னூட்டம் ஆகிய கருத்துச் சொற்கள் தமிழாக இருத்தல் நன்று. ஏனெனில் அவற்றைக் கொண்டுதான் மாணவர் சிந்திக்கிறார்.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மோட்டார் இல்லாமலே இதனைக் கற்பிக்கலாம். கரும்பலகையில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு மாணவர் கண்களைக் கட்டிக்கொண்டு அதனைத் தொட முயலட்டும். இது பின்னூட்டமில்லா ஏவல். அடுத்து, மற்றொரு மாணவர் "இடம், வலம், மேலே, கீழே" என்று சொல்லி வழிகாட்டட்டும். கை விரைவில் புள்ளியை அடையும். மூன்றாவதாக, இடத்தை வலம் என்றும் வலத்தை இடம் என்றும் மாற்றிச் சொல்லட்டும். கை விலகிக்கொண்டே போகும். நான்காவதாக, சரியாகவே, ஆனால் மூன்று நொடி தாழ்த்திச் சொல்லட்டும். கை புள்ளியின் இருபுறமும் ஊசலாடும். தாழ்ந்து வரும் பின்னூட்டம் பொறியையும் இவ்வாறே அதிரச் செய்யும்.

நண்பரின் கொட்டகையில் இப்போது மேசை சொன்ன இடத்தில் நிற்கிறது. பேரன் தன் குறிப்பேட்டில், வளையப் படத்தின் கீழ், 'பிழையை எதிர்கொள்' என்று எழுதி வைத்திருக்கிறான். குறை சொல்வது வேறு, பிழையை அளந்து அது குறையும் திசையில் நகர்வது வேறு என்பதை அவன் அறிந்துகொண்டான். நம் மாணவர்களின் கட்டுரைகளில் நாம் சிவப்பு மையால் இடும் குறிப்புகளும் அவ்வாறே பிழை குறையும் திசையைக் காட்டுகின்றனவா என்று ஆசிரியராகிய நாமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.